டெக்சாஸ் கிராமத்து கவுன்ட்டியில் வாரண்ட் தேடிய அனுபவம்: கார்டை உள்ளே வையுங்கள், போனை எடுங்கள்

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை இரவு அக்கா மகன் போன் செய்து, "சித்தி, என் பேர்ல வாரண்ட் இருக்கான்னு எங்க பாக்குறது?" என்று கேட்டான். குரலே சரியில்லை. டல்லாஸ் பக்கம் எம்.எஸ். படிக்கிறான். டிசம்பர் விடுமுறையில் நண்பர்களோடு பிக் பெண்ட் பூங்காவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), 75 மைல் போட்டிருந்த சாலையில் 88-ல் போய் டிக்கெட் வாங்கியிருக்கிறான். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஜனவரியில் அறை மாறினான், கோர்ட் கடிதம் பழைய முகவரிக்குப் போனது, பழைய ரூம்மேட் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்து பல வாரம் கழித்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். வாய்தா தேதி எப்போதோ போய்விட்டது.

அதற்குப் பிறகு மூன்று நாள் நானும் அவனும் தேடாத இடமில்லை. இப்படி ஒரு நிலைமை வேறு பிள்ளைகளுக்கும் வரும் என்பதால், எதில் நேரம் போனது, எது உண்மையில் உதவியது என்று எழுதி வைக்கிறேன். கவுன்ட்டியின் பெயரும் தளத்தின் பெயரும் வேண்டாம்.

முதலில் பணம் கட்டும் தளம். கவுன்ட்டி பெயரோடு வாரண்ட் என்று கூகுளில் தட்டினால் அரசாங்கத்துப் பக்கம் மாதிரியே முத்திரை, கழுகுப் படம் எல்லாம் போட்டு நாலைந்து தளங்கள் மேலே வந்து நிற்கும். அதில் ஒன்றில் பெயரைப் போட்டோம். "நீதிமன்றப் பதிவுகளைத் தேடுகிறோம்" என்று ஒரு பச்சைப் பட்டை மெதுவாக ஊர்ந்தது, நடுவில் நின்றது, "நீங்கள் பார்க்கப்போவது அதிர்ச்சியாக இருக்கலாம், தயாரா?" என்று கேட்டது, பிறகு கார்டு எண் கேட்டது. பயத்தில் கொடுத்துவிட்டோம். வந்த அறிக்கையில் அவனுடைய பழைய முகவரி இருந்தது, அப்புறம் அதே பெயரில் நியூ ஜெர்சியில் யாரோ ஒருவருடைய விவரம். வாரண்ட் பற்றி ஒரு வரி கிடையாது. மாதச் சந்தா தானாகப் பிடிக்கும் என்பது கீழே பொடி எழுத்தில் இருந்ததால் மறுநாளே ரத்து செய்தேன். இந்த மாதிரித் தளங்களுக்குக் கிராமத்து கோர்ட்டின் கணினிக்குள் எந்த வழியும் இல்லை, அவர்கள் வைத்திருப்பது வெளியில் வாங்கிச் சேர்த்த பழைய தரவு. 2023-ல் ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் என்ற இரண்டு நிறுவனங்கள் (நான் பணம் கட்டியது இவை இல்லை) வெறும் போக்குவரத்து டிக்கெட்டைக் கூடக் குற்றப் பதிவு என்று காட்டி ஆளைப் பயமுறுத்தியது உட்பட்ட புகார்களில், அமெரிக்க மத்திய வணிக ஆணையத்துக்கு 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கூடக் கொடுக்க மாட்டேன்.

அடுத்தது அந்த கவுன்ட்டி ஷெரிப் (கவுன்ட்டி போலீஸ் தலைவர்) அலுவலகத்தின் இணையப் பக்கம். இலவசம், அந்த மட்டில் நல்லது. ஆனால் இருந்தது ஸ்கேன் செய்து போட்ட ஒரு பிடிஎஃப் பட்டியல்தான், கொஞ்சம் சாய்ந்தபடி, மேல் ஓரத்தில் போன வருடத் தேதியோடு. அவன் பெயர் அதில் இல்லை, உடனே முகம் மலர்ந்துவிட்டான். நான்தான் அடக்கினேன். பட்டியலில் பெயர் இல்லாததற்கு வாரண்ட் இல்லை என்று அர்த்தம் கிடையாது. டெக்சாஸ் சட்டப்படி ஒரு பிடிவாரண்டும் அதற்கான பிரமாணப் பத்திரமும் அது நிறைவேற்றப்பட்ட உடனே பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தாக வேண்டும். அதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவைக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. போலீஸ்காரர் காரை நிறுத்திப் பார்க்கும் எஃப்.பி.ஐ. தரவுத்தளம் நம் மாதிரி ஆட்களுக்குத் திறக்காது. இரண்டு நட்சத்திரம்.

மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் தேட முடியாதா என்று கேட்பீர்கள். பென்சில்வேனியாவில் முடியும், 67 கவுன்ட்டிகளின் வழக்கு விவரமும் ஒரே அரசுத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. யூட்டாவில் வாரண்டுக்கென்றே மாநில அளவில் தேடல் பக்கம் உண்டு. டெக்சாஸில் 254 கவுன்ட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து எட்டு வரை ஜே.பி. (ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், சின்ன வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் நீதிபதி) நீதிமன்ற வட்டாரங்கள், நகர போலீஸ் பிடித்தால் முனிசிபல் கோர்ட் தனி. ஷெரிப் ஆளோ மாநில ட்ரூப்பரோ (மாநில நெடுஞ்சாலைப் போலீஸ்) பிடித்தால் பெரும்பாலும் ஜே.பி. கோர்ட். இந்த விஷயம் தெரியாமல் தவறான கோர்ட்டில் தேடிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. டிக்கெட்டின் கீழே எந்தப் பிரிசிங்க்ட் (அந்த நீதிமன்ற வட்டாரம்) என்று எண்ணோடு அச்சாகியிருக்கும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். ஆம்னிபேஸ் என்று ஒன்று இருக்கிறது, வாய்தாவுக்கு ஆஜராகாதவர்களின் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க விடாமல் நிறுத்தும் திட்டம். அதில் உரிம எண்ணைப் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. எல்லாக் கவுன்ட்டியும் அதில் சேரவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

திங்கள் காலை எட்டு மணிக்கு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஜே.பி. கோர்ட்டுக்கே போன் செய்தோம். இந்தப் பதிவை எழுத வைத்ததே அந்த போன்தான். எடுத்தது கிளார்க் அம்மா. ரோபோ குரல் இல்லை, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து இல்லை, இரண்டாவது ரிங்கில் மனுஷக் குரல். விஷயத்தைச் சொன்னோம். கடைசிப் பெயர் என்ன என்றார். அவனுடைய கடைசிப் பெயர் என்பது அவன் அப்பா பெயர், பதினான்கு எழுத்து, ஒவ்வொன்றாகச் சொன்னான். காகிதம் புரளும் சத்தம், கீபோர்டு சத்தம். "அந்தப் பெயரில் யாரும் இல்லையே" என்றார். அவன் நிம்மதிப் பெருமூச்சு விட, எனக்கு மனசு கேட்கவில்லை. "அவன் சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு ஒருமுறை பார்க்கிறீர்களா?" என்று கேட்டேன். மறுபடி கீபோர்டு. கொஞ்சம் அமைதி. "ஆமாம், இருக்கிறது. வாரண்ட் ஒன்பது நாளுக்கு முன்னால் போடப்பட்டிருக்கிறது."

நம் ஆட்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் ஒரு விதம், உரிமத்தில் ஒரு விதம், டிக்கெட் எழுதியவர் போட்டது இன்னொரு விதம். முன் பின் மாற்றி, இனிஷியலோடு, இனிஷியல் இல்லாமல், இரண்டு பெயரையும் ஒட்டி என்று எல்லா விதத்திலும் தேடச் சொல்லுங்கள். வழக்கு எண்ணோ டிக்கெட் எண்ணோ கையில் இருந்தால் இந்தச் சிக்கலே வராது.

அந்த அம்மா திட்டவில்லை, மிரட்டவில்லை. ஆஜராகாதவர் மீது வாரண்ட் போடுவதற்கு முன்னால் நோட்டீஸ் அனுப்பி இன்னொரு தேதி கொடுக்க வேண்டும் என்று 2017 முதல் டெக்சாஸில் சட்டம் இருக்கிறது, உறையில் கிடந்தது அந்த நோட்டீஸ்தான் என்று விளக்கினார். வாரண்ட் நிறைவேறுவதற்கு முன் தானாகவே வந்து வழக்கை முடிக்க உண்மையாக முயற்சி செய்தால் நீதிபதி வாரண்டைத் திரும்பப் பெற்றாக வேண்டும், அதுவும் சட்டம்தான். "வியாழக்கிழமை மதியத்துக்குள் வாங்க, ஜட்ஜ் இருப்பார், பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை கதவைச் சாத்திவிடுவோம்" என்றார். ஐந்து நட்சத்திரம், அதற்கு மேலும் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இவனுடையது கிளாஸ் சி என்ற மிகச் சின்னக் குற்ற வகை, அதிகபட்சம் 500 டாலர் அபராதம் வரும். அதைவிடப் பெரிய வழக்கு என்று சந்தேகம் இருந்தால் போனை எடுப்பதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள், வாரண்ட் இருப்பவர் ஷெரிப் அலுவலகத்துக்குள் நேரே போனால் அங்கேயே பிடித்து உட்கார வைத்துவிடலாம். பல பெரிய பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்குச் சட்ட ஆலோசனை அலுவலகம் உண்டு. விசாவில் இருக்கும் பிள்ளைகள் "சின்ன டிக்கெட்தானே" என்று விடவே கூடாது. 2025 ஏப்ரலில் பழைய, தள்ளுபடியான வழக்குகளைக் கூடக் காரணம் காட்டி எத்தனையோ மாணவர்களின் செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவு) நிறுத்தினார்கள், கோர்ட்டுகளில் வழக்குக் குவிந்த பிறகு அந்த மாதக் கடைசியில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் தூக்கம் போனது. அப்புறம், உங்கள் பெயரில் வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள், எந்தக் கோர்ட்டும் அப்படிக் கேட்காது.

வியாழன் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி நான்தான் ஓட்டினேன். ஜே.பி. கோர்ட் என்பது ஒரு தபால் நிலையம் அளவுக் கட்டிடம், உள்ளே ஒரு ஜன்னல், நான்கு நாற்காலி. நீதிபதி பத்து நிமிடம் பேசினார். வாரண்டைத் திரும்பப் பெற்றார், 90 நாள் ஒத்திவைப்பு கொடுத்தார், 25 வயதுக்குக் கீழே என்பதால் ஓட்டுநர் பாதுகாப்பு வகுப்பு கட்டாயம், அதை முடித்தால் வழக்கு தள்ளுபடி. கிளம்பும்போது கிளார்க் அம்மா, கணினியில் மாறுவதற்குச் சில நாள் ஆகலாம், வழியில் யாராவது நிறுத்தினால் காட்டு என்று சொல்லி, உத்தரவை நகல் எடுத்து, நீல முத்திரை குத்தி, கையெழுத்து போட்டுக் கொடுத்தார். அதை வாங்கி நாலாக மடித்து உரிமத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். திரும்பி வரும் வழியெல்லாம் 70-ஐத் தாண்ட என்னை விடவில்லை.