பழைய சிம்பல் வாங்குவோர் கவனத்துக்கு: 18,500 ரூபாய்க்கு விரிசலை விற்கிறார்கள்

பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஒரு மாடிக் கடையில் விரிசல் விட்ட சிம்பலுக்கு, அதாவது டிரம்ஸ் செட்டில் ஸ்டிக்கால் அடிக்கும் வட்டமான உலோகத் தட்டுக்கு, 18,500 ரூபாயைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நாளை வழக்கு என்று வந்தால் அதையே பிடித்துக்கொண்டு என் மேல் பாய்வார்கள். சென்னையில் டிரம்ஸ் கற்றுக்கொள்பவர்கள், சர்ச்சில் வாசிப்பவர்கள், மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிட்டுக் கடை ஏறுங்கள். சிம்பல், காலால் மிதிக்கும் பெடல், ஸ்னேர் டிரம் என ஒவ்வொன்றையும் எப்படிச் சோதித்து வாங்குவது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன். பெரம்பூரில் ஒண்டுக்குடித்தனம். வீட்டில் டிரம்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை, ரப்பர் பேட்தான். அதற்கே இரவு ஒன்பது மணி தாண்டினால் பக்கத்துப் போர்ஷனிலிருந்து சுவரைத் தட்டுவார்கள், அதுவும் தாளம் தப்பி. சனிக்கிழமைகளில் 29சி பஸ் பிடித்து அடையாறில் வகுப்புக்குப் போகிறேன். அங்கே இருக்கும் செட்டில் பித்தளை சிம்பல்கள். அடித்த அடி அடித்த இடத்திலேயே செத்துப்போகும். டிரம்ஸ் கிரேடு 5 தேர்வுக்கு ரைடில், அதாவது தாளத்தைத் தொடர்ந்து வாசிக்கும் பெரிய சிம்பலில், ஜாஸ், ஸ்விங் எல்லாம் தெளிவாகக் கேட்க வேண்டும். அதனால்தான் பி20 வெண்கலத்தில் ஒரு 20 அங்குல ரைடு தேடினேன். நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை அது. புதிதாக வாங்கினால் விலை எட்டாது. பழையதுதான் கட்டுப்படியாகும் என்று அந்தக் கடைக்குப் போனேன். கையில் 18,500 ரூபாய். பாதி அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. மீதி கல்யாண வரவேற்புகளில் வாசித்து, கடைசிப் பந்தியில் ஆறிப்போன சாதம் சாப்பிட்டு நான் சேர்த்தது.

கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பாசம். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். "உன் வயதில் நானும் மேடையில் வாசித்தவன்தான் தம்பி" என்றார். நான் ஸ்டிக் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, கட்டைவிரலைக் கொஞ்சம் தள்ளி வைத்துத் திருத்தினார். அந்தத் திருத்தம் சரியான திருத்தம், அதுதான் இப்போதும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. விஷயம் தெரிந்தவர், நம்மவர் என்று மனது இளகிவிட்டது. பிறகு ரைடை ஸ்டாண்டில் மாட்டி, இரைச்சல் வேண்டாம் என்று மின்விசிறியைக்கூட நிறுத்தினார். ஸ்டிக் நுனியால் நடுப்பகுதியில் மெதுவாக வாசித்தார். மணி மணியாக வந்தது. மையத்தில் புடைத்திருக்கும் குமிழில் இரண்டு தட்டுத் தட்டினார், அதுவும் நன்றாக இருந்தது. வாசித்த நேரமெல்லாம் இடது கை விரல்கள் விளிம்பில் ஒரே இடத்தைப் பிடித்தபடி இருந்தன. ஸ்டிக்கை வாங்கி விளிம்பில் ஓங்கி அடிக்கப் போனேன். "வேண்டாம் தம்பி, கீழே இருப்பவர் சண்டைக்கு வருவார்" என்று தடுத்தார், கையை எடுக்கவே இல்லை.

"ஒருவர் இருபதாயிரம் தருகிறேன் என்று நேற்றுகூடக் கூப்பிட்டார். நீ படிக்கிற பையன், உனக்கே கொடுக்கிறேன்" என்றார். ஸ்டாண்டில் சிம்பல் உரசாமல் இருக்கப் போடும் ஃபெல்ட்டும் பிளாஸ்டிக் ஸ்லீவும் இலவசமாகப் போட்டார். "ஏதாவது குறை என்றால் எடுத்துக்கொண்டு வா, நான் எங்கே போகப்போகிறேன், இங்கேதானே இருப்பேன்" என்றார். யுபிஐயில் 18,500 ரூபாய் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, எஸ்டிமேட் என்று அச்சிட்ட துண்டுச் சீட்டில் "சிம்பல் 1" என்று எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை. திரும்பும் வழியில் பஸ் நடத்துநர் உறையைத் தொட்டுப் பார்த்து, "என்ன தம்பி, சீர்வரிசைத் தாம்பாளமா?" என்றார். நானும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வகுப்பில் ஸ்டிக்கின் தோளால், அதாவது நுனிக்குப் பின்னால் தடிக்கும் இடத்தால், விளிம்பில் ஒரே ஓர் அடி. ஓசை எழுந்தவுடன் உள்ளே ஏதோ தகரம் அதிர்வதுபோல ஒரு ரீங்காரம், உடனே அடங்கிவிட்டது. மாஸ்டர் வாசிப்பை நிறுத்தச் சொன்னார். சிம்பலைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். கொஞ்சம் பஞ்சு எடுத்து விளிம்பைச் சுற்றி ஓட்டினார். ஓரிடத்தில் பஞ்சு நூல் நூலாக மாட்டியது. மாணவி ஒருத்தியின் பையிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வாங்கித் துணியில் நனைத்துத் துடைத்தார். துணியில் தங்க நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது! அதற்குக் கீழே காய்ந்த பசை. பசைக்குக் கீழே விரிசல். விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே போய், சிம்பலின் மேல் வட்ட வட்டமாக இருக்கும் கடைசல் வரியைப் பிடித்துக்கொண்டு வளைந்து ஓடுகிறது. கடைக்காரர் விரல் வைத்திருந்தாரே, அந்த இடம்.

விரிசல் விட்ட வெண்கலத்தில் ஒவ்வோர் அடிக்கும் அது இன்னும் கொஞ்சம் நீளும். பற்றவைத்தால் சூட்டில் அந்த இடத்தின் பதம் கெட்டு நாதமே போய்விடும். விரிசல் முனையில் துளை போட்டோ, அந்தத் துண்டை வெட்டியெடுத்தோ கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றார் மாஸ்டர். 18,500 ரூபாய் கொடுத்துவிட்டு ஓட்டவா?

அன்றைக்கே கடைக்குப் போனேன். "இங்கேதானே இருப்பேன்" என்றவர் இல்லை. முதலாளி ஊருக்குப் போயிருக்கிறார் என்றான் கடைப் பையன். உள்ளே அவர் இருமிய சத்தம் எனக்கே கேட்டது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அம்மாவின் எண்ணிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தார். "நீ காட்டுத்தனமாக அடித்து உடைத்துவிட்டு என்மேல் பழி போடுகிறாயா?" என்றார். முந்தைய நாள் வரை தம்பி, இப்போது காட்டான். நான் உடைத்தேன் என்றே வைத்துக்கொள்வோம். பசை போட்டுத் தங்க நிறச் சாயம் பூசியதும் நானா? இதைக் கேட்டதும், "பழைய பொருளுக்கு கேரண்டி கிடையாது, யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்" என்று வைத்துவிட்டார். மாஸ்டரை அழைத்துக்கொண்டு போனபோது குரல் கொஞ்சம் இறங்கியது. வேறு பொருள் எடுத்துக்கொள் என்றார். சரி, இந்தச் சிம்பலுக்கு எவ்வளவு கழித்துக்கொள்வீர்கள் என்று கேட்டால், "எடைக்கு எடுத்துக்கொள்கிறேன், மூவாயிரம்." 18,500 ரூபாய்க்கு விற்ற அதே வாய்.

அம்மாவிடம் முழுத்தொகையும் போய்விட்டது என்று இன்னும் சொல்லவில்லை. "மாற்றிக் கொடுத்தாரா?" என்று தினமும் கேட்கிறார். சீட்டுக்கு இன்னும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், பொறுமை இல்லை. சுருக்கமாக: விளிம்பு முழுவதும் பஞ்சு ஓட்டுங்கள். நட்டைக் கழற்றி, ஃபெல்ட்டை எடுத்து, நடுத்துளையைப் பாருங்கள், சாவித்துவாரம்போல நீண்டிருந்தால் தொடாதீர்கள். விளிம்பில் உங்கள் கையால் ஓங்கி அடித்துக் கேளுங்கள், அடிக்க விடாவிட்டால் இறங்கி வந்துவிடுங்கள். பணம் கொடுக்கும் முன்பே பில். பெடல், ஸ்னேர் பற்றி இன்னொரு நாள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பில் தராததும், பில்லில் காலக்கெடு எழுதாத நிலையில் குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. யுபிஐ பதிவு, அவர் கையெழுத்தில் உள்ள சீட்டு, மாஸ்டர் துடைக்கும்போது எடுத்த வீடியோ மூன்றையும் வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். முழு 18,500 ரூபாயும் கேட்டிருக்கிறேன்.

டிசம்பர் வருகிறது, சர்ச் குழுக்கள் சாமான் வாங்கக் கிளம்பும் நேரம். இன்று காலை அதே கடைக்காரர் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 18 அங்குல க்ராஷ் சிம்பல் ஒன்றைப் படம் போட்டு, "புதுசு மாதிரி, மாணவர்களுக்குச் சலுகை" என்று எழுதியிருக்கிறார். படத்தில் சிம்பலைக் கையில் பிடித்திருக்கிறார், விளிம்பில் விரல்கள்.