காயின் சில்வர் ஸ்பூன்: 11 வருஷமா வாங்கி, தினமும் சாப்பிட்டுப் பார்த்த அனுபவம்

எங்க வீட்ல காலைல உப்புமா சாப்பிட எடுக்கிற ஸ்பூன் 1840 வாக்குல பாஸ்டன்ல செஞ்சது. பின்னாடி "என். ஹார்டிங்"னு செஞ்ச தட்டானோட பேர் குத்தியிருக்கும். 2014ல மாசசூசெட்ஸுக்கு வந்த புதுசுல பிரிம்ஃபீல்ட் சந்தைக்குப் போனேன், வருஷத்துக்கு மூணு தடவை வயல்ல டென்ட் போட்டு நடக்கிற பழம்பொருள் சந்தை, அங்க ஒரு பாட்டி துணில சுருட்டி வச்சிருந்த ஆறு டீஸ்பூனை 90 டாலருக்கு வாங்கினேன். ஷோகேஸ்ல வைக்கலாம்னுதான் வாங்கினது, ஆனா அந்தப் பாட்டி "இது சாப்பிடறதுக்குத்தான்"னு ஒரே வரில சொல்லி அனுப்பினாங்க, அன்னிக்கு ராத்திரியே தயிர் சாதத்துக்கு எடுத்தேன், அதுல இருந்து நிறுத்தவே இல்ல. இப்போ சின்னதும் பெருசுமா 70 உருப்படிக்கு மேல இருக்கு.

தெரியாதவங்களுக்கு ஒரு விளக்கம். காயின் சில்வர்னா வெள்ளிக் காசோட தரத்துல இருக்கிற வெள்ளி. 1792 சட்டப்படி அமெரிக்க வெள்ளிக் காசுல ஆயிரத்துக்கு 892 சொச்சம் பங்கு வெள்ளி, 1837ல அதை 900 ஆக்கினாங்க. நம்ம கடைக்காரங்க பாஷைல 90 டச். இங்கிலாந்துத் தரமான ஸ்டெர்லிங் வெள்ளி 92.5. இந்த ரெண்டரை வித்தியாசம் கைக்கும் தெரியாது நாக்குக்கும் தெரியாது. அந்தக் காலத்துல அங்க வெள்ளிச் சுரங்கம்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் கிடையாது, அதனால கைல இருக்கிற ஸ்பானிஷ் டாலர் வெள்ளிக் காசையும் உடைஞ்ச பழைய பாத்திரத்தையும் கொண்டுபோய் தட்டான்கிட்ட குடுப்பாங்க, அவர் உருக்கி அடிச்சுத் தருவார். பாஸ்டன் தட்டான் பால் ரிவீர் தன் கணக்குப் புத்தகத்துல வெள்ளி எடைக்குத் தனி, செய்கூலிக்குத் தனின்னு எழுதி வச்சிருக்கார், அதைப் படிச்சப்போ எனக்கு எங்க அம்மா கொலுசு மாத்துற கடைதான் ஞாபகம் வந்துச்சு. காசைப் பையில வச்சிருந்து திருட்டுப் போனா இது என்னோடதுன்னு நிரூபிக்க முடியாது, ஸ்பூன்ல தட்டான் முத்திரையும் குடும்பத்து எழுத்தும் இருந்தா முடியும். பேங்க் அபூர்வமா இருந்த காலத்துல அதுவே பெரிய விஷயம். 1859ல நெவாடால காம்ஸ்டாக் சுரங்கம் கிடைச்சு வெள்ளி கொட்ட ஆரம்பிச்சுது, 1868ல வெள்ளிச் சாமான் செய்ற கோர்ஹாம் கம்பெனி ஸ்டெர்லிங்குக்கு மாறினாங்க, அதுக்கப்புறம் சில வருஷத்துல காயின் சில்வர் செய்றது கிட்டத்தட்ட நின்னு போச்சு.

முத்திரைதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இங்கிலாந்துல சட்டப்படி சோதனை ஆபீஸ்ல சோதிச்சு சிங்க முத்திரை குத்துவாங்க, ஊர், வருஷம் எல்லாம் முத்திரைலயே இருக்கும். அமெரிக்கால அப்படி ஏற்பாடே கிடையாது, பால்டிமோர்ல மட்டும் 1814ல இருந்து 1830 வரைக்கும் ஒரு சோதனை ஆபீஸ் இருந்துச்சு. மத்த ஊர்லல்லாம் தட்டானோட பேரை நம்பித்தான் வாங்கணும், அதனால பேரை முழுசாக் குத்துவாங்க. சிலர் இங்கிலீஷ் சாமான் மாதிரி தெரியணும்னு கழுகு, தலை, நட்சத்திரம்னு தாங்களே சில அச்சு வெட்டிக் குத்தினாங்க, நியூயார்க் ஆல்பர்ட் கோல்ஸ் செஞ்ச ஸ்பூன்ல கழுகும் தலையும் நடுவுல ஏ.சி.ன்னு எழுத்தும் இருக்கும். "காயின்", "ப்யூர் காயின்", "டாலர்", "ஸ்டாண்டர்ட்", "பிரீமியம்"னு குத்தினதும் உண்டு. பால்டிமோர் சாமுவேல் கிர்க்கோட சாமான்ல "11 அவுன்ஸ்"னு இருந்தா 12 அவுன்ஸுக்கு 11 அவுன்ஸ் வெள்ளின்னு அர்த்தம், அதாவது 917, காசை விடக் கொஞ்சம் உசத்தி. பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, அது இல்லாம சந்தைக்குப் போகாதீங்க.

ஒரு எச்சரிக்கை, பின்னாடி "1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்"னு இருந்தா அது செஞ்ச வருஷம்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, அது வெள்ளி முலாம் பூசின சாமானோட பிராண்ட் பேரு. அதே மாதிரி ஏதோ ஒரு சின்ன ஊர் நகைக்கடை பேர் குத்தியிருந்தா அந்த ஊர்லயே அடிச்சதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, நியூயார்க்லயோ பிராவிடன்ஸ்லயோ மொத்தமா செஞ்சதை வாங்கித் தன் பேரைக் குத்தி வித்திருக்கலாம். நான் இது தெரியாம வெர்மான்ட்டுல ஒரு கடைல கூடுதல் காசு குடுத்து வாங்கிட்டேன். விற்கிறவர் சொல்ற கதைக்குக் காசு குடுக்காதீங்க, உலோகத்துல தெரியிறதுக்கு மட்டும் குடுங்க.

சாப்பிட எப்படின்னா, லேசா இருக்கும். டீஸ்பூன் 15 கிராம் பக்கம்தான், தகடை வெட்டிச் செஞ்ச ஃபிடில் ஸ்பூனெல்லாம் (கைப்பிடி முனை வயலின் மாதிரி அகலமா வரும்) கழுத்துல மெலிசு, கெட்டி ஐஸ்கிரீமைக் குத்தி எடுக்கப் போகாதீங்க, வளையும். சூடான காபில விட்டா கைப்பிடி முனை வரைக்கும் சுடும், வெள்ளி அவ்வளவு வேகமாச் சூட்டைக் கடத்தும். முட்டைல பட்டா கறுக்கும், வெங்காயமும் அப்படித்தான், பெருங்காயம் தூக்கலா போட்ட ரசத்துக்குப் பிறகு எனக்குச் சீக்கிரமா மங்குது. கழுவி உடனே துடைச்சா போதும். தினமும் புழங்குற ஸ்பூனுக்கு நான் வருஷத்துல ஒரு தடவை கூட பாலிஷ் போடறதில்ல, பெட்டிக்குள்ள தூங்குறதுதான் கறுத்துப் போகுது. ஒரு விருந்தன்னிக்கு வந்தவங்க உதவியா நினைச்சு நாலு ஸ்பூனை டிஷ்வாஷர்ல ஸ்டீல் ஸ்பூனோட சேர்த்துப் போட்டுட்டாங்க, சாம்பல் பூத்த மாதிரி வெளிறிப் போய், திரும்ப அந்தப் பழைய மெருகு வர ரெண்டு வருஷப் புழக்கம் ஆச்சு. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவே கட்டாதீங்க, துணிக்கு மேல கட்டினா கூட கறுப்புக் கோடு விழும். முக்கி எடுக்கிற திரவமும் வேண்டாம், செதுக்கல் பள்ளத்துல தங்கியிருக்கிற கறுப்பையும் சேர்த்து எடுத்துடும், அது போனா வேலைப்பாடே கண்ணுக்குத் தெரியாது.

தேய்மானத்தைப் பத்திச் சொல்லணும். கைப்பிடி நம்ம பக்கம் வர்ற மாதிரி ஸ்பூனை வச்சுப் பார்த்தா பழைய ஸ்பூன் நிறையதுல முனை இடது ஓரமாத் தேஞ்சிருக்கும், வலது கைக்காரங்க கிண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டி வந்தது. நான் வாங்கின அந்த முதல் ஆறுல ஒண்ணு மட்டும் வலது ஓரம் தேஞ்சது. என் பொண்ணு இடது கைக்காரி, ஆறு வயசுல அவளே அதைக் கண்டுபிடிச்சா, "இது என்னோடது"ன்னு எடுத்துக்கிட்டா, இன்னிக்கு வரைக்கும் அதை வேற யாரும் தொட முடியாது. இந்த ஸ்பூனை முன்னாடி வச்சிருந்த வீட்லயும் ஒரு இடது கைக்காரர் தன் ஸ்பூன் எதுன்னு பார்த்துப் பார்த்து எடுத்திருக்கார்னு நினைக்கும்போது எனக்கு மனசு என்னமோ பண்ணும். அதனால முனை தேஞ்சதைக் கழிச்சு ஒதுக்காதீங்க, ரொம்ப மொட்டையா இல்லாத வரைக்கும் வாங்கலாம்.

ஆனா எழுத்தை அழிச்சதை நான் வாங்கவே மாட்டேன். மோனோகிராம், அதாவது கைப்பிடில செதுக்கின பேரோட முதல் எழுத்துகள், யாரோ ஒருத்தர் பேரா இருக்கேன்னு கடைக்காரங்க சுரண்டி எடுத்துடறாங்க, கைப்பிடி நடுவுல விரலை ஓட்டினா பள்ளம் தெரியும், வாயால ஊதினா பனி படியற ஒரு செகண்ட்ல பழைய எழுத்து நிழலாத் தெரியறதும் உண்டு. 18ஆம் நூற்றாண்டு ஸ்பூன்ல மூணு எழுத்து முக்கோணமா இருந்தா மேல குடும்பப் பேரு, கீழ புருஷன் பெண்டாட்டி பேரோட முதல் எழுத்து. அப்போ மேசைல ஸ்பூனைக் கவுத்து வைப்பாங்க, அதனால எழுத்து பின்பக்கம் இருக்கும். இவ்வளவு சொல்ற எழுத்தை எப்படித்தான் அழிக்க மனசு வருதோ.

பரிமாறுற சாமான்ல சர்க்கரை இடுக்கி, க்ரீம் லேடில், வெண்ணெய்க் கத்தி எல்லாம் ஈஸியாக் கிடைக்கும். உப்பு ஸ்பூன் வாங்கினா உள்ள பூசின தங்க முலாம் போயிருக்கான்னு பாருங்க, போயிருந்தா உப்புக் கிண்ணத்துலயே விட்டு வைக்காதீங்க, வெள்ளியை உப்பு அரிச்சு குழி விழும், என்னோட ஒண்ணு அப்படிப் போச்சு. ஃபோர்க் ஸ்பூன் அளவுக்குக் கிடைக்காது, விலையும் ஜாஸ்தி. கைப்பிடில கோதுமைக் கட்டு, பூக்கூடை அச்சு இருக்கிற 1820, 30கள் ஸ்பூன் கண்ல பட்டா யோசிக்காம எடுங்க.

இப்போ என்னைக் கவலைப்பட வைக்கிறது வெள்ளி விலை. 1980 ஜனவரில அவுன்ஸ் 50 டாலர் கிட்ட போனப்போ பழைய வெள்ளி டன் கணக்குல உருக்குக்குப் போச்சு. 2025 கடைசில விலை அந்த 50ஐத் தாண்டினதும் அதே கதை திரும்ப ஆரம்பிச்சிருக்கு, பேர் தெரிஞ்ச தட்டான் செஞ்சதுக்கு ஏலத்துல ஆள் இருக்கு, சாதாரண டீஸ்பூனுக்கு எடைக்கு மேல யாரும் குடுக்கறதில்ல. போன டிசம்பர்ல பழைய தங்கம் வாங்குற ஒரு கடை கவுன்டர்ல, உடைஞ்ச செயினோட செயினா ஒரு சூப் லேடில் கிடந்துச்சு. ஆறு அவுன்ஸ் எடை, பின்னாடி காயின்னு முத்திரை, கைப்பிடில சுருள் எழுத்துல "எம்.டபிள்யூ." அடுத்த நாள் உருக்குக்குப் போற பெட்டின்னு கடைக்காரர் சொன்னார். உருக்கு விலைக்கு மேல கொஞ்சம் வச்சுக் குடுத்து வாங்கிட்டு வந்தேன். பொங்கலன்னிக்குப் பாயசம் அதாலதான் ஊத்தினோம், கைப்பிடி சுட்டுச்சு, பொண்ணு துணி சுத்திப் பிடிச்சுக்கிட்டே எல்லாருக்கும் ஊத்தினா.