வீட்ல வச்சு ரத்த குரூப் பாக்குற கிட், வாங்கலாமா? (5க்கு மூணரை ஸ்டார்)

ஆன்டி-ஏ, ஆன்டி-பி (ரத்தம் ஏ-வா பி-யான்னு பாக்க), ஆன்டி-டி (பாசிட்டிவா நெகட்டிவான்னு பாக்க)னு மூணு பாட்டில் மருந்து, கூட கொஞ்சம் கண்ணாடி ஸ்லைடு, லேன்செட் (விரல்ல குத்துற சின்ன ஊசி), கலக்குறதுக்கு குச்சி. ஸ்கூல் லேபுக்குன்னு ஆன்லைன்ல விக்கிறாங்க. ஒவ்வொரு பாட்டிலும் 10 மில்லி, ஒருத்தருக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு தான் செலவு, அப்ப ஒரு வீட்டுக்கு இது ரொம்பவே ஜாஸ்தி. குரூப் என்னன்னு மட்டும் தெரியணும்னா இத வாங்காதீங்க, பக்கத்து லேப்ல பாத்துட்டு வந்துடலாம், ரத்த தானம் பண்ணா அவங்களே பாத்து சொல்லிடுவாங்க. பயாலஜி படிக்கிற புள்ள வீட்ல இருந்தா மட்டும் வாங்குங்க. நான் பொண்ணுக்காகத் தான் வாங்கினேன்.

செய்யறது ஈஸி தான். ஸ்லைடுல தனித்தனியா மூணு சொட்டு மருந்து (ஏ நீலக்கலர், பி மஞ்சள், டி-க்கு கலரே இல்ல), பக்கத்துல விரல்ல குத்தி எடுத்த ரத்தம் சின்னதா ஒரு சொட்டு, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற குச்சி வச்சு கலக்கி ஸ்லைட மெதுவா அசைக்கணும். பொருந்துற எடத்துல ரத்தம் திரிஞ்ச பால் மாதிரி திப்பி திப்பியா ஆயிடும், பொருந்தாத எடத்துல அப்படியே செவப்பா ஓடும். என் வீட்டுக்காரர் பி, அவர் ரத்தம் மஞ்சள் சொட்டுல பட்டதும் டக்குனு திரிஞ்சுது, பொண்ணு ஐயோன்னு கத்திட்டா. டி கொஞ்சம் லேட்டாத் தான் காட்டும். 2 நிமிஷத்துக்குள்ள பாத்து முடிச்சிடணும், அதுக்கு மேல விட்டா ஓரமெல்லாம் காஞ்சு போய் திப்பி மாதிரியே தெரியும், பொருந்திடுச்சுன்னு நெனச்சு ஏமாந்துடுவீங்க.

1901ல வியன்னால கார்ல் லேண்ட்ஸ்டைனர் தன்னோட ரத்தத்தையும் கூட வேல பாத்தவங்க ரத்தத்தையும் மாத்தி மாத்தி கலந்து பாத்து ரத்த குரூப்ப கண்டுபிடிச்சதும் இந்த திரியிற வேலைய வச்சுத் தான், 1930ல நோபல் பரிசு குடுத்தாங்க. புக்குல நாலு வரில முடிஞ்சு போற விஷயம், கைல செஞ்சு பாத்ததும் பொண்ணு கேள்வியா கேட்டு தள்ளிட்டா. அவ ஓ, நானும் ஓ (ஏ, பி ரெண்டு சொட்டுலயும் திரியாது). மாமியார் ஏ, "எங்க பக்கத்து ரத்தம் ஒண்ணுமே புள்ளைக்கு வரலியே"ன்னு அவங்களுக்கு ஒரே கொற. அத்தை, உங்ககிட்ட ஏ-க்கு பின்னாடி ஒரு ஓ ஒளிஞ்சிருக்கலாம், அது உங்க மகன் வழியா பேத்திக்கு வந்திருக்கும்னு பேப்பர்ல கட்டம் போட்டு காட்டினதும் தான் சமாதானம் ஆனாங்க. இதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு.

ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, பேக்கிங். பாட்டில் மேலயே 2 முதல் 8 டிகிரில வைக்கணும்னு போட்டிருக்கு, விக்கிறவர் ஐஸ் பேக் கூட வைக்காம சாதா அட்டப்பெட்டில அனுப்பிட்டார், அதுவும் மே மாச வெயில்ல. நல்லவேளை மருந்து வேல செஞ்சுது. நீங்க வாங்கினா முதல்ல குரூப் நிச்சயமா தெரிஞ்ச ஆளுக்கு போட்டு பாருங்க, சரியா காட்டலேன்னா அந்த பாட்டில நம்பாதீங்க. ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல கூடவே கூடாது.

இன்னொரு விஷயம். என் தங்கச்சி ப்ளட் பேங்க்ல டெக்னீஷியன், இந்த கிட் பாத்ததும் "அக்கா, இத வச்சு படிங்க, ஆனா எந்த ஃபார்ம்லயும் எழுதிடாதீங்க"ன்னா. நாம பாக்குறது பாதி டெஸ்ட் தானாம், ப்ளட் பேங்க்ல சீரத்தையும் (ரத்தத்துல செல் இல்லாத தண்ணி பாகம்) தனியா எடுத்து, குரூப் தெரிஞ்ச ஏ, பி ரத்த செவப்பணுவோட கலந்து ரெண்டு பக்கமும் ஒத்துப் போகுதான்னு பாப்பாங்க. டி வீக்கா இருக்கவங்களுக்கு ஸ்லைடுல நெகட்டிவ்னு காட்டலாம். பாம்பே குரூப்னு ஒண்ணு, 1952ல மும்பைல டாக்டர் பெண்டே குழு கண்டுபிடிச்சது, அவங்க செவப்பணு மேல ஹெச் ஆன்டிஜென்ங்கிற அடையாளமே (ஏ, பி அடையாளம் உருவாக அடிப்படையே இது தான்) இருக்காது, அதனால இந்த மூணு பாட்டில்ல அச்சு அசல் ஓ மாதிரியே காட்டும், ஆனா சாதா ஓ ரத்தம் ஏத்தினா உயிருக்கே ஆபத்து, இன்னொரு பாம்பே குரூப் ஆள் தான் குடுக்க முடியும். அத கண்டுபிடிக்கிற ஆன்டி-ஹெச் இந்த செட்ல கிடையாது. எல்லாம் சரியா இருந்தாலும் ஏத்துறதுக்கு முன்னாடி பேஷன்ட் ரத்தத்தையும் பையில இருக்க ரத்தத்தையும் வச்சு கிராஸ் மேட்ச் பண்ணுவாங்க, கார்டுல என்ன எழுதி இருந்தாலும் மறுபடி குரூப் பாப்பாங்க. ஆஸ்பத்திரில "அதான் கார்டு இருக்கே, திரும்ப எதுக்கு குத்துறீங்க"ன்னு சண்ட போடுறவங்கள நானே பாத்திருக்கேன், பாவம் அந்த நர்ஸுங்க.

அதே மாதிரி, கர்ப்பமா இருக்கவங்க இத நம்பி உக்காந்துடக் கூடாது. அம்மா நெகட்டிவ், புள்ள பாசிட்டிவ்னா டெலிவரி ஆகி 72 மணி நேரத்துக்குள்ள அம்மாவுக்கு ஆன்டி-டி ஊசி (இந்த பாட்டில் மருந்து இல்ல, ஆஸ்பத்திரில போடுறது) போடணும், இல்லேன்னா அடுத்த புள்ளைக்கு சிக்கல் வரலாம். அதுக்கு லேப் ரிப்போர்ட் தான் வேணும்.

கூட வர்ற லேன்செட் சுமார் தான், சிலது மொன்னை, மெடிக்கல்ல தனியா நல்லதா வாங்கிக்கங்க. ஒருத்தருக்கு குத்துனத இன்னொருத்தருக்கு குத்தவே கூடாது, வீட்டு ஆளுங்கன்னாலும் சரி, ஹெபடைடிஸ் பி எல்லாம் இப்படியும் பரவும். குத்தி முடிச்சத மூடி இருக்க பிளாஸ்டிக் டப்பால போட்டு வைங்க, குப்ப அள்ற அக்கா கைய கிழிச்சிடாம.