டர்போ ஹயபூசாவுக்கு எந்தக் கம்ப்யூட்டர்? இஎம்யூ பிளாக்கோடு 16 மாதங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்க்கிறேன். மிச்ச நேரமெல்லாம் என் 2008 சுசுகி ஹயபூசா பைக்கோடுதான் போகிறது. 1,340 சிசி எஞ்சினில் டர்போ ஏற்றி இரண்டு வருடம் ஆகிறது. சிலிண்டருக்கு அடியில் தகடு வைத்து, 12.5 ஆக இருந்த அமுக்க விகிதத்தை 9-ஐ ஒட்டி இறக்கியிருக்கிறோம். டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், 0.6 பார். ரோட்டில் ஓட்டுவதில்லை, வேனில் ஏற்றி செப்பாங் டிராக் நாள்களுக்கு மட்டும் கொண்டுபோவேன்.

என்னிடம் அதிகம் பேர் கேட்பது டர்போவைப் பற்றியோ பைப்பைப் பற்றியோ இல்லை. “கம்ப்யூட்டர் எது போட்டீங்க அண்ணே?” என்றுதான் கேட்கிறார்கள். பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் பெட்டியைத்தான் கம்ப்யூட்டர் என்கிறோம். நான் போட்டிருப்பது போலந்துக்காரர்களின் ஈசியூமாஸ்டர் இஎம்யூ பிளாக். 16 மாதம் ஓட்டிப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

சுசுகியின் சொந்தக் கம்ப்யூட்டர் ஏன் போதாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தெரிந்த உலகம் காற்றழுத்தத்தோடு முடிந்துபோகிறது. டர்போ 160 கிலோபாஸ்கல் காற்றைத் தள்ளும்போது, இவ்வளவு காற்று வருகிறது என்று அதற்குப் படிக்கத் தெரியாது. மேலே இன்னொரு சின்னப் பெட்டியை மாட்டிப் பெட்ரோலைக் கூட்டிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. குறைந்த பூஸ்ட்டில் அது ஓடும். ஆனால் தீப்பொறி நேரத்தைப் பூஸ்ட்டுக்கு ஏற்றபடி பின்னுக்கு இழுக்க (தாமதமாக்க) முடியவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. 1982-லேயே ஹோண்டா தன் சிஎக்ஸ் 500 டர்போவுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜெக்‌ஷன் வைத்துத்தான் விற்றது. யமஹா அதே காலத்தில் எக்ஸ்ஜே 650 டர்போவைக் கார்ப்பரேட்டரோடு விட்டது. எனக்கு ஹோண்டாவின் வழிதான் பிடித்திருக்கிறது.

இஎம்யூ என் முதல் பெட்டி இல்லை. அதற்கு முன் பழைய பெட்டி ஒன்றைக் கைமாற்றாக வாங்கினேன். பெயர் வேண்டாம், பெட்டியின் மேல் குற்றமும் இல்லை. ஒயரிங் செய்துகொடுத்த பட்டறையில் கிராங்க் சென்சரின் (எஞ்சின் தண்டோடு சுழலும் பற்களைப் படித்து அது எங்கே நிற்கிறது என்று சொல்வது) இரண்டு ஒயரையும் தீப்பொறி தரும் காயில்களின் ஒயர்களோடு சேர்த்து ஒரே கட்டாகச் சுற்றிவிட்டார்கள். மேலே ஷீல்டும் இல்லை. 7,000 ஆர்பிஎம் வரை ஒழுங்காகப் போகும்; அதற்குமேல் காயில் அடிக்கும் இரைச்சலைக் கம்ப்யூட்டர் பல் என்று எண்ணிக்கொள்ளும். எண்ணிக்கை தவறினால் தீப்பொறி கண்ட இடத்தில் விழும். ஒரு நாள் பைக்கின் சக்தியை அளக்கும் டைனோவில் ‘டமார்’ என்று வெடித்து, டர்போவுக்குப் போகும் பைப்பின் வெல்டிங் பிளந்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எஞ்சின் தப்பித்தது கடவுள் புண்ணியம்.

அதற்கப்புறம்தான் செகாம்புட் பக்கம் டியூன் செய்கிற அண்ணன் ஒருவரிடம் போனேன். பைக்கைத் தொடுவதற்கு முன்னாலேயே சொன்னார்: “தம்பி, பெட்டிய வாங்கிட்டு ஆளத் தேடாத. ஆளப் பிடிச்சு, அவருக்கு எந்தப் பெட்டி கை பழக்கம்னு கேட்டு, அதுக்கப்புறம் வாங்கு.” இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கோலாலம்பூரில் கார் டியூன் செய்ய ஆள் நிறைய. நாலு சிலிண்டர் பைக்கை, அதுவும் டர்போ வைத்ததை, ராத்திரி 11 மணிவரை உட்கார்ந்து பார்த்துக்கொடுக்கும் ஆள் அபூர்வம். அவருக்குப் பழகிய மென்பொருள்தான் உங்களுக்கு நல்ல மென்பொருள்.

இருந்தாலும் கணக்குப் போடாமல் வாங்கவில்லை. 2008 முதல் வந்த ஹயபூசாவில் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், மொத்தம் 8. காயில் 4. மைக்ரோஸ்குவர்ட் என்ற கம்ப்யூட்டர் சின்னது, மலிவானது, சீட்டுக்கு அடியில் எங்கும் அடங்கும். ஆனால் அதில் இன்ஜெக்டருக்கு இரண்டு வழி, தீப்பொறிக்கு இரண்டு வழிதான். நாலு சிலிண்டரை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து ஓட்ட வேண்டும். டர்போ இல்லாத பழைய பைக்குக்கு அது தங்கம். எனக்கு ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. ஸ்பீடுயினோ என்ற பெட்டியை நானே சாலிடர் வைத்துச் செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். அண்ணன் அதைத் தொட்டதில்லை, அதனால் விட்டுவிட்டேன். ஆஸ்திரேலியாவின் ஹால்டெக் எலீட் வரிசையும் நல்ல பொருள். மோடெக் எம்130 என் பட்ஜெட்டில் இல்லை.

இஎம்யூ பிளாக்கில் இன்ஜெக்டருக்கு 6 வழி, தீப்பொறிக்கு 6 வழி. எட்டு இன்ஜெக்டர் ஆறு வழியில் எப்படி? கீழே உள்ள நாலுக்கும் தனித்தனி வழி. மேலே உள்ள நாலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து மீதி இரண்டு வழி. ஒவ்வொன்றும் 12 ஓம் அளவுக்கு இருப்பதால் ஒரு வழியில் இரண்டு சேர்த்தாலும் இரண்டரை ஆம்ப்பைத் தாண்டாது. மேல் வரிசை பூஸ்ட் ஏறும்போது மட்டும்தான் திறக்கிறது, அதனால் அங்கே தனித்தனியாகத் திருத்த முடியாததை நான் இழப்பாக நினைக்கவில்லை.

ஏன் இரண்டு வரிசை வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 11,000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டருக்கு உள்ளிழுப்பிலிருந்து அடுத்த உள்ளிழுப்பு வரை கிடைப்பது 10.9 மில்லிசெகண்ட். அதில் 85 சதவீதத்துக்கு மேல் இன்ஜெக்டரைத் திறந்துவைக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் 9.3 மில்லிசெகண்ட். அதற்குள் டர்போ கேட்கிற பெட்ரோல் முழுவதும் போயாக வேண்டும். பெரிய இன்ஜெக்டர் ஒன்றை மட்டும் போட்டால் மேலே சரியாக இருக்கும், ஐட்லில் (நின்றபடி மெதுவாக ஓடும்போது) மூச்சுத் திணறும்.

இனி கிராங்க் சிக்னல். என் கண்ணுக்கு ஒரு கம்ப்யூட்டரின் தரம் இங்கேதான் தெரிகிறது. 11,000-இல் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப 15 மைக்ரோசெகண்ட் போதும். அந்த அளவுக்குள் அது எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹயபூசாவில் இருப்பது காந்தச் சுருள் சென்சர். பல் கடக்கும்போது அலை ஏறி இறங்கும். பல் விடுபட்ட இடத்தில் அலை நீண்டுபோகும். இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தாலும் எஞ்சின் ஓடும், அதுதான் ஆபத்து. செங்குத்தாக விழும் பக்கத்துக்குப் பதிலாகச் சாய்வான பக்கத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். வேகம் மாற மாற நேரமும் நகர்ந்துகொண்டே போகும்.

இஎம்யூவின் மென்பொருளிலேயே அந்த அலையைப் படமாகப் பார்க்க முடிகிறது. அன்று ராத்திரி லேப்டாப்பை டேங்க் மேல் வைத்து ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றினோம். அண்ணன் திரையில் விரலை வைத்து, “பாரு, பல் இல்லாத இடத்துல கோடு படுத்துக்கிட்டு வருது. தலைகீழா இருக்கு” என்றார். ஒயரை மாற்றினோம். அடுத்த படத்தில் கோடு கத்திபோல் நேராக இறங்கியது. பிறகு தீப்பொறியை 10 டிகிரியில் பூட்டி, கிராங்க் மூடியின் சின்னத் திருகைக் கழற்றி, ஆயில் தெறிக்காமல் இருக்க ஒளி புகும் பிளாஸ்டிக் மூடியை வைத்து, தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் விளக்கை அடித்தோம். 1,500-லிருந்து 6,000 வரை ஏற்றினேன். குறி ஆணி அடித்ததுபோல் நின்றது. முதல் பெட்டியை வாங்கியதிலிருந்து அன்றுதான் எனக்கு நிம்மதி வந்தது.

இந்த முறை சென்சருக்கு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, காயில் ஒயர்களை டேங்கின் மறுபக்கமாகக் கொண்டுபோனேன். லிஃப்ட் வேலையில் என்கோடர் ஒயரையும் மோட்டார் ஒயரையும் ஒரே குழாயில் விடமாட்டோம். அதே பாடம் இங்கேயும். ஹயபூசாவின் குச்சிக் காயில்களுக்குள், அவற்றுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் இக்னைட்டர் கிடையாது. நாலு வழி இக்னைட்டர் ஒன்றை வெளியே, காற்றுப் படும் அலுமினியத் தகட்டில் பொருத்தியிருக்கிறேன்.

பெட்டிக்குள்ளேயே 400 கிலோபாஸ்கல் வரை படிக்கும் அழுத்த சென்சர் இருக்கிறது, புகையைப் பார்த்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சருக்கான கட்டுப்பாடும் இருக்கிறது. போஷ் எல்எஸ்யூ 4.9 சென்சரை நேராகக் கொடுத்துவிடலாம். தனியாக இரண்டு சாமான் வாங்கும் செலவும் இடமும் மிச்சம். பைக்கில் இடம்தான் காசைவிட முக்கியம். அழுத்தத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். காற்றைத் திறந்துவிடும் நாலு திராட்டிலுக்கும் பின்னாலிருந்து நாலு சின்ன ஹோஸ், அவை ஒரு கட்டைவிரல் பருமன் அலுமினியக் குப்பியில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே ஹோஸ் பெட்டிக்கு. ஒரு சிலிண்டரில் மட்டும் எடுத்தால் முள் கூத்தாடும். நாலிலும் எடுத்தாலும் ஐட்லில் அந்த எண்ணை நம்ப முடியாது. அதனால் பெட்ரோல் கணக்கைத் திராட்டில் கோணத்தை வைத்துப் போட்டு, அதை அழுத்தத்தால் பெருக்கும் முறையில் ஓட்டுகிறோம். அந்த முறை மென்பொருளில் தயாராகவே இருக்கிறது.

வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பெட்டி தனியாகப் படிப்பதைச் சோதிக்க ஆசை வந்தது. பைக்கை வேனில் ஏற்றி, விடிகாலையில் கெந்திங் மலைக்குக் கொண்டுபோனேன். கீழே வீட்டு வாசலில் 100 கிலோபாஸ்கல் காட்டிய எண், மேலே கார் நிறுத்துமிடத்தில் 82 ஆக இருந்தது. மூடுபனி, கை விறைக்கிற குளிர். சாவியைத் திருப்பி, பம்ப் சத்தம் அடங்கக் காத்திருந்து பொத்தானை அழுத்தினேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் லாம்ப்டா எண் கொஞ்சம் அலைந்து ஒரு நிமிடத்தில் அடங்கியது. எந்த எண்ணையும் மாற்றவில்லை.

யாரும் சொல்லாத இரண்டு விஷயம். ஒன்று, சுசுகியின் பெட்டியைக் கழற்றியதும் மீட்டரில் ‘செக்’ என்று எழுத்து வந்து நிற்கும். அது தன் பழைய கம்ப்யூட்டரைத் தேடுகிறது. நான் மீட்டரையே மாற்றிவிட்டேன். அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள். இரண்டாவது, கவிழ்வு சென்சர். பைக் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அதுதான். புதிய கம்ப்யூட்டர் போடும்போது பலர் அதை ஒயரிலேயே சேர்ப்பதில்லை. விழுந்து கிடக்கும் பைக்கில் பம்ப் பெட்ரோலை அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள், பக்கத்தில் டர்போ சிவந்து கிடக்கிறது. நான் அதை ஓர் அனலாக் உள்ளீட்டில் கொடுத்திருக்கிறேன். எஞ்சின் ஓடும்போது சென்சரைக் கழற்றிக் கையில் பிடித்துச் சாய்த்தேன், நின்றது. ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் அதைச் செய்கிறேன்.

குறை என்றால், பைக்குக்கென்று தயாரித்த ஒயர் செட் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் நம் கையால்தான். எனக்கு மூன்று வார இறுதிகள் போயின. மென்பொருள் இலவசம், ஆனால் விண்டோஸ் லேப்டாப் வேண்டும். செட்டிங் பக்கங்கள் ஏராளம், முதல் நாள் தலை சுற்றும். இன்ஜெக்டரின் தாமத நேரம் பேட்டரி வோல்ட்டோடு மாறும் அட்டவணையை அலட்சியம் செய்யாதீர்கள். ஃபேன் ஓடத் தொடங்கியதும் ஐட்ல் தடுமாறினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

பெட்டி என் கைக்கு நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) வந்தது. ஒயர், கனெக்டர், இக்னைட்டர், மீட்டர், டைனோ நேரம் எல்லாம் சேர்ந்து அதைவிட அதிகம். ரோன் 100 (ஆக்டேன் எண் 100) பெட்ரோலில், 0.6 பாரில், பின்சக்கரத்தில் 262 குதிரைசக்தி வந்தது. இன்னும் ஏற்றலாம் என்றார் அண்ணன், நான் வேண்டாம் என்றேன். நம் ஊர் வெயிலில் இன்டர்கூலருக்குப் பின்னும் காற்று 60 டிகிரியைத் தொடுகிறது. அந்த எண் 55-ஐத் தாண்டினாலே தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்து, பூஸ்ட்டையும் குறைக்கும்படி வைத்திருக்கிறோம். செப்பாங்கில் மத்தியானச் சுற்றுகளில் அது தானாகக் குறைவதை நேர்கோட்டில் உடம்பே உணரும்.

டர்போ இல்லாத பைக்குக்கு இதை வாங்காதீர்கள், காசு வீண். ஒயரிங் பழக்கமில்லாமல், பக்கத்தில் டியூன் செய்ய ஆளும் இல்லாமல் இருப்பவர்களும் இப்போதைக்குப் பொறுங்கள். மற்றவர்கள் வாங்கும் முன் கிராங்க் சென்சர் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று டேங்கைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.