வெயில் மழையில் நிற்கும் மரத்துக்கு வார்னிஷா, எண்ணெயா? பத்து வருஷ அனுபவம்

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கம். முன் வராந்தாவில் நான்கு தேக்குத் தூண்கள், மேலே கூரையைத் தாங்கும் பலா மரக் கழுக்கோல்கள், மேற்குப் பார்த்து இரண்டு மர ஜன்னல்கள். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் பிடித்தால் நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டு டிசம்பர் வரை நனைக்கும். மீதி நாளெல்லாம் சாயங்கால வெயில் நேராக ஜன்னலில் விழும்.

2012-இல் வீட்டைப் புதுப்பித்தபோது பெயின்டர் சொன்னபடி எல்லா மரத்துக்கும் மூன்று கோட் வார்னிஷ் அடித்தோம். வீட்டுக்கு வந்தவர்கள் தூணைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள், அப்படி ஒரு மினுமினுப்பு. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் பார்த்தால், தூண் கல்லில் உட்காரும் இடத்தில் வார்னிஷ் பால் நிறத்துக்கு வெளுத்திருந்தது. நகத்தால் கீறினேன். செதில் செதிலாக உரிந்து வந்தது. உள்ளே மரம் ஈரத்தோடு கறுத்துக் கிடந்தது.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், தெளிவான வார்னிஷைத் தாண்டிப் போய் மரத்தின் லிக்னினைச் சிதைக்கிறது. நார்களை ஒட்டிப் பிடித்திருப்பது அதுதான். பிடிமானம் போனதும் மேலே இருக்கும் படலம் வெடிக்கும். வெடிப்பு வழியே இறங்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். மறுபடி அடிக்க வேண்டுமென்றால் பழையதை முழுக்கச் சுரண்டியாக வேண்டும். ஆசாரியும் நானும் ஒன்பது நாள் உப்புத்தாளும் கையுமாக இருந்தோம். அந்தத் தோள்வலியை இன்னும் மறக்கவில்லை.

2015-இல் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்க்கு மாறினேன். கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால்தான் தருவார்கள். கிரிக்கெட் மட்டைக்குப் பச்சையாகத் தடவுவார்களே, அதே எண்ணெய்தான். மரவேலைக்குக் காய்ச்சியது சீக்கிரம் காயும். முதல் கோட்டுக்குப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து தேய்த்தேன். அப்போதுதான் உள்ளே இறங்கும். இருபது நிமிஷம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். முதல் தடவை ஒரு தூணைத் துடைக்காமல் விட்டேன். ஒரு வாரம் பிசுபிசுத்து, தெருத்தூசி எல்லாம் அதில்தான்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. இந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். நான் தண்ணீரில் முக்கி, வெளியே கொடியில் விரித்துப் போடுவேன். வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

பத்து வருஷத்தில் தூண்கள் நன்றாகவே இருக்கின்றன. எண்ணெய் உரியாது, மங்கத்தான் செய்யும். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், தூசி துடைத்து ஒரு கோட். நாலு தூணுக்கும் ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் குறையும் உண்டு. காற்றோட்டம் குறைந்த கழுக்கோல்களில் மழைக்காலத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கிறது. தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிட்டுத்தான் அடுத்த கோட். மேற்கு ஜன்னலில் வெறும் எண்ணெய் எட்டு மாதம்கூட நிற்கவில்லை. ஆசாரி சொல்லி, எண்ணெயில் காவிப்பொடி கலந்து தேய்த்தோம். நிறமி வெயிலைத் தடுப்பதால் இப்போது இரண்டு வருஷம் தாங்குகிறது. மர ரேகை கொஞ்சம் மறைந்துதான் போகிறது. அந்த ஜன்னலுக்கு அது பரவாயில்லை.

அப்புறம், கழுக்கோலின் வெட்டுமுனை. மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிட முனையில் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். அதனால் முனைக்கு மட்டும் மூன்று, நான்கு தடவை ஊற வைக்கிறேன். இரும்பு ஆணி அடித்த இடமெல்லாம் ஈரத்தில் கறுத்ததால் பித்தளைத் திருகாணிக்கு மாற்றினோம். இன்னும் முடிந்தால் தாழ்வாரத்தை ஒரு அடி நீட்டியிருப்பேன். பத்மநாபபுரம் அரண்மனையில் கூரை எவ்வளவு தூரம் தாழ்ந்து இறங்குகிறது என்று பாருங்கள். அதற்கு ஈடாக எந்த எண்ணெயும் இல்லை.

இந்த ஏப்ரலில் நான்கு தூணிலும் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். மூன்றில் முத்து முத்தாக உருண்டு ஓடியது. படிப்பக்கத்துத் தூண் மட்டும் உறிஞ்சிக்கொண்டு கறுத்தது. அதற்கு மட்டும் இந்த வருஷம் இரண்டு கோட்.