பூஸ்ட் போடலாமா, வாட்ஸ்அப்புக்கு வரவழைக்கலாமா?

நானும் அண்ணியும் மதுரையில் வீட்டிலிருந்தே, துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலை விற்கிறோம். விளம்பரத்துக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கியபோது எங்கள் முன் இருந்தவை இரண்டு வழிகள். இன்ஸ்டாகிராம் பதிவுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை அழுத்தி, பணம் கட்டி அந்தப் பதிவையே அதிகம் பேருக்குக் காட்டுவது ஒன்று. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரத் தளமான ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், தட்டினால் நேரே நம் வாட்ஸ்அப் திறக்கிற மாதிரி விளம்பரம் வைப்பது மற்றொன்று. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவதில் நின்றுவிட்டோம்.

பூஸ்ட் சுலபம், அதில் சந்தேகமே இல்லை. எந்த ஊர், எந்த வயது, எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று சொன்னால் வேலை முடிந்தது. ஆட்ஸ் மேனேஜர் முதல் பார்வைக்கே மிரட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

விஷயம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. நாம் எதைக் கேட்கிறோமோ, அதைச் செய்யும் பழக்கமுள்ள ஆட்களைத் தேடித்தான் மெட்டா நம் விளம்பரத்தைக் காட்டும். சாயம் ஏற்றிக் காய்ந்த துணியை இழுக்கும்போது முடிச்சுகள் அவிழ்ந்து, உள்ளே ஒளிந்திருந்த வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வெளிவரும். அதை எடுத்துப் போட்ட வீடியோவை யார் பார்த்தாலும் இதயம் போடுவார்கள். ப்ரொஃபைலைப் பார்க்க வைப்பதை இலக்காக வைத்து பூஸ்ட் செய்தால் பார்வைகள் ஏறும், பின்தொடர்வோர் கூடுவார்கள், சேலை கேட்பவர் சிலரே. அதே வீடியோவை, மெசேஜ் அனுப்ப வைப்பதை இலக்காக வைத்து, வாட்ஸ்அப்புக்குத் திருப்பியபோது பார்வைகள் குறைந்தன, "இது முடிச்சா, பிரிண்டா?", "சாயம் போகுமா?", "பிளவுஸ் பிட் இருக்கா?" என்று கேள்விகள் வந்தன. வாங்க நினைப்பவர்தான் இப்படிக் கேட்பார்.

பூஸ்டிலும் மெசேஜ் இலக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி கணிசமாகக் குறையும். ஆட்ஸ் மேனேஜர் பழக நேரமே இல்லாதவர்கள் அதையாவது செய்யலாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: பணம் கட்டுவதை நிறுத்திய மறுநாள் கையில் என்ன மிஞ்சும்? பூஸ்ட் முடிந்ததும் மிஞ்சுவது லைக் எண்ணிக்கை. பின்தொடர்வோர் கூடியிருந்தாலும், அடுத்த பதிவு அவர்கள் எல்லோர் கண்ணிலும் படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வாட்ஸ்அப்பில் மிஞ்சுவது ஒரு பேச்சு, ஒரு நம்பர். வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒவ்வொருவருக்கும் லேபிள் போட்டு வைக்கலாம். "விலை கேட்டவர்", "பணம் கட்டியவர்", "அம்மாவுக்கு வாங்கியவர்" என்று நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோம். தீபாவளிக்குப் புதுச் சரக்கு வரும்போது, வாங்கியவர்களுக்கு மட்டும் படம் அனுப்பக் காசு தேவைப்படவில்லை. திரும்ப வாங்குபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியலில் இருப்பவர்கள்தான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கே அது போய்ச் சேரும். அதனால் பார்சல் அனுப்பியதும் கூரியர் நம்பரோடு சேர்த்து, "நம்ம நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா, புது டிசைன் வந்தா அனுப்புறேன்" என்று அண்ணி தவறாமல் ஒரு வரி எழுதிவிடுவார். அந்த ஒரு வரி இல்லையென்றால் விளம்பரத்துக்குக் கொடுத்த காசில் பாதிப் பலன் போய்விடும் என்பேன்.

பராமரிப்பு மட்டும் கடுமை. வாட்ஸ்அப் விளம்பரம் வைத்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும். ராத்திரி பதினொன்றுக்கு விலை கேட்டவருக்குக் காலையில் பதில் போட்டால், அவர் வேறெங்கோ வாங்கி முடித்திருப்பார். ஆட்ஸ் மேனேஜரில் லைஃப்டைம் பட்ஜெட், அதாவது விளம்பரம் ஓடும் மொத்த நாட்களுக்கும் சேர்த்து ஒரே தொகை வைத்தால், எந்தெந்த மணி நேரம் விளம்பரம் ஓட வேண்டும் என்று குறிக்கலாம். நாங்கள் இருவரும் போனோடு இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஓட்டுகிறோம். பதில் சொல்ல ஆள் இல்லாத கடைக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

கடைவாசல் உள்ளவர்கள், அதாவது தையல் கடை, பேக்கரி, அழகு நிலையம் நடத்துபவர்கள், முதலில் கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலைச் சரிசெய்ய வேண்டும். அது இலவசம், "பக்கத்தில் எங்கே" என்று தேடி வருபவரை நேரே வாசலுக்கு அழைத்து வரும். வாடிக்கையாளரை நேரில் சந்திக்காத, முழுக்க ஆன்லைன் வியாபாரத்துக்கு கூகுள் அதை அனுமதிப்பதில்லை, அதனால் எங்கள் கணக்கில் அது வரவில்லை. எங்கள் அனுபவம் சேலையோடு நிற்பது. கடை வைத்திருப்பவர்கள் நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் கண்காட்சியில் ஸ்டால் போடுபவருக்கு, அந்த ஊரை மட்டும் குறிவைத்த சின்ன பூஸ்ட் போதும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

பூஸ்ட், ஆட்ஸ் மேனேஜர் எந்த வழியானாலும் விளம்பரத் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஜிஎஸ்டி எண் இருந்தால் மெட்டா கணக்கில் பதிந்து வையுங்கள், உள்ளீட்டு வரிக் கழிவு கிடைக்கும், அதாவது விளம்பரத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். சிறு வியாபாரிகள் விற்பனையில் குறைந்த சதவீத வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது கிடையாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐபோனில் உள்ள இன்ஸ்டாகிராம் செயலிக்குள் செய்யும் பூஸ்ட்டுக்கு ஆப்பிள் 30 சதவீதக் கட்டணம் கேட்க, மெட்டா அதை 2024-இல் அமெரிக்காவில் தொடங்கி விளம்பரதாரர் தலையில் சேர்த்தது. பிரவுசரில் இன்ஸ்டாகிராமைத் திறந்து பூஸ்ட் செய்தால் அந்தக் கட்டணம் வராது.