அயர்லாந்து முன்னோரைத் தேடத் தொடங்குவது எங்கே: டப்ளினிலா, பாஸ்டனிலா?

அமெரிக்காவில் இருந்துகொண்டு, அயர்லாந்திலிருந்து வந்த எள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடுகிறவர்களில் பலர் முதல் நாளே அயர்லாந்தின் ஆவணத் தளங்களுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பேட்ரிக் மர்ஃபி என்று தட்டினால், கார்க் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) இருந்து மட்டுமே பக்கம் பக்கமாக வந்து விழும். அதில் நம்முடைய பேட்ரிக் யார் என்று எப்படிச் சொல்வது? என் கட்சி இதுதான்: கப்பலிலிருந்து இறங்கிய நாட்டில் முதலில் தேட வேண்டும். ஊர்ப்பெயர் கைக்கு வந்த பிறகே அயர்லாந்துப் பக்கம் திரும்ப வேண்டும்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆனி மூர் போதும். 1892 ஜனவரி 1 அன்று, குடியேற வருவோரைப் பதிவுசெய்யும் நியூயார்க்கின் எல்லிஸ் தீவு நிலையம் திறந்தபோது முதலில் பதிவானவர் இந்தக் கார்க் பெண். டெக்சாஸில் வாழ்ந்து இறந்த ஓர் ஆனி மூரைத்தான் அவர் என்று பல ஆண்டுகள் கொண்டாடினார்கள். டெக்சாஸ் ஆனி பிறந்ததே இலினாய் மாநிலத்தில் என்று 2006இல் தெரியவந்தது. உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டு நகரவே இல்லை. 1924இல் அங்கேயே இறந்திருந்தார். இத்தனை புகழ்பெற்றவருக்கே இந்தக் கதி.

அயர்லாந்தில் தேடுவதற்கு இன்னொரு தடையும் உண்டு. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில் போயிற்று. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்னரே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. முழுமையாக எஞ்சிய மிகப் பழையவை 1901, 1911 இரண்டும்தான். 1845–52 பெரும் பஞ்சத்தில் கப்பலேறியவர் இவற்றில் இருக்க வழியில்லை.

சரி, இறங்கிய நாட்டில் எதைப் பார்ப்பது? எல்லோரும் கப்பல் பயணிகள் பட்டியலுக்குத்தான் ஓடுகிறார்கள். பார்க்கச் சிலிர்ப்பாக இருக்கும், பயன் மிகக் குறைவு. பஞ்சகாலப் பட்டியல்களில் பெயர், வயது, தொழில், பிறகு 'அயர்லாந்து', பெரும்பாலும் அவ்வளவுதான். குடியுரிமைத் தாள்களும் 1906க்கு முன்பு அப்படியே. பிரிட்டிஷ் அரசிக்கான விசுவாசத்தைத் துறப்பதாக எழுதியிருக்கும், பிறந்த ஊர் அநேகமாக இருக்காது. அவ்வாண்டு செப்டம்பரில் புதிய படிவம் வந்த பிறகே பிறந்த ஊர் முறையாகப் பதிவாகிறது.

இவற்றோடு நியூயார்க்கில் 1850இல் தொடங்கிய எமிகிரண்ட் சேமிப்பு வங்கியின் ஏடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் எடுக்க வருபவர் உண்மையான கணக்காளர்தானா என்று சோதிக்க, பிறந்த ஊர், வந்த கப்பல், பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். பாஸ்டனின் 'பைலட்' பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. பலவற்றில் கவுன்ட்டி, பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி), சிற்றூர் வரை இருக்கும். சில கத்தோலிக்கக் கோயில்களின் திருமணப் பதிவேடுகளும் ஊரைச் சொல்லும். நேர் முன்னோர் கிடைக்காவிட்டால் அவருடைய அண்ணன் தம்பிகளை, திருமணச் சாட்சிகளை, பிள்ளைகளின் ஞானப்பெற்றோரைத் தொடருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தெருவில் குடியேறுவது எங்கும் வழக்கம்தானே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்குப் போனவர்களின் வாரிசுகள் இதில் அதிர்ஷ்டசாலிகள். அங்கே இறப்புச் சான்றிதழிலேயே பெற்றோர் பெயர், பிறந்த இடம், திருமணம், பிள்ளைகள் என எல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள். சொன்னவருக்குத் தெரிந்த அளவுக்குத்தான் அது சரி.

ஊர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அயர்லாந்துத் தளங்கள். 'ஐரிஷ் ஜீனியாலஜி' அரசுத் தளம், இலவசம். 1864 முதல் பிறப்புகளும் எல்லாத் திருமணங்களும், 1845 முதல் கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்களும், இறப்புகளும் பதிவேட்டுப் படங்களாகவே கிடைக்கின்றன. அண்மைக் கால ஆண்டுகள் மட்டும் இருக்காது. 1864க்கு முன் பிறந்த கத்தோலிக்கருக்கு ஞானஸ்நானப் பதிவுதான் கதி. இங்கேதான் உண்மையான போட்டி. 'ரூட்ஸ் அயர்லாந்து' சந்தா கேட்கிறது. கவுன்ட்டி மையங்கள் படியெடுத்த தகவல்களைப் பெயர்வாரியாகத் தேடலாம், ஆனால் மூலப் பக்கம் காட்டாது. தேசிய நூலகம் 2015 முதல் பங்குப் பதிவேடுகளின் படங்களை இலவசமாகத் தருகிறது, ஏறத்தாழ 1880 வரை. அதில் பெயர்வாரித் தேடல் கிடையாது. ஒரு மாதச் சந்தா கட்டிப் பதிவைக் கண்டுபிடித்து, மூலத்தை நூலகப் படத்தில் சரிபார்ப்பதே என் பரிந்துரை. பதிவேடுகள் பல லத்தீனில், அதுவும் குருவின் அவசரக் கையெழுத்தில். படியெடுத்தவர் சறுக்க நிறைய இடம் உண்டு. முன்னோர் கெர்ரி கவுன்ட்டியிலோ டப்ளின் நகரிலோ இருந்தவர் என்றால் சந்தாவுக்கு முன் அரசுத் தளத்தைப் பாருங்கள். அங்கே கோயில் பதிவுகளும் இலவசமாக இருக்கின்றன. வரிக்காக எடுத்த 1847–64 காலத்துக் கிரிஃபித் நில மதிப்பீட்டில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. எந்தக் குடும்பப்பெயர் எந்தப் பகுதியில் செறிந்திருந்தது என்று பார்க்க உதவும், ஆளை உறுதிசெய்ய உதவாது.

ஒரு சுவையான விஷயம். 1901இல் 55 என்றவர் 1911இல் 70 என்பார். இடையில், 1909இல், எழுபது வயதானோருக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது! பிறப்புப் பதிவு இல்லாத அந்த முதியவர்களின் வயதைச் சரிபார்க்க 1841, 1851 கணக்கெடுப்புகளைத் தேடச் சொல்லி விண்ணப்பங்கள் போயின. கணக்கெடுப்பு எரிந்தது, விண்ணப்பப் படிவங்கள் எஞ்சின. பெற்றோர் பெயரும் ஊரும் தாங்கிய அப்படிவங்களைத் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஊரில் தங்கிவிட்ட தம்பி தங்கை யாராவது அகப்படலாம்.

டிஎன்ஏ சோதனையா, ஆய்வாளரை அமர்த்துவதா என்றும் கேட்கிறார்கள். டிஎன்ஏ உறவினரைக் காட்டும், ஊரைக் காட்டாது. எள்ளுத்தாத்தாவின் பெற்றோர் வழியில் மட்டும் சேரும் இருவரில் ஏறக்குறைய பாதி இணைகளுக்குத்தான் சோதனையில் பொருத்தம் தெரியும். அயர்லாந்தில் இருக்கும் உறவினரும் சோதனை செய்திருந்தால்தான் பலன். இணையத்தில் ஏறாத பண்ணையார் குத்தகை ஏடுகளைப் புரட்ட மட்டுமே ஆய்வாளர் தேவை. அந்த நிலை வரும்வரை பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். ஊர்ப்பெயர் இல்லாமல் போனால், அவரும் அந்தப் பேட்ரிக் மர்ஃபிகளைத்தான் கூலி வாங்கிக்கொண்டு எண்ணுவார்.